மெயினை அணைக்கிறவர்

முந்நூற்றுப் பதினோரு நாள் அந்தக் கறுப்புப் பெட்டி கோவர்த்தனன் வீட்டு முன்னறையில் இருந்தது. அதில் ஒரே ஒரு இரவுதான் அது தன் வேலையைச் செய்தது. மீதி முந்நூற்றுப் பத்து இரவும் ஏன் சும்மா கிடந்தது என்பது முதலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கோவர்த்தனன். இன்னொருவர் அதை விற்ற கன்னையா. கன்னையா தன் வீட்டைத் தாண்டி அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கோவர்த்தனனுக்குச் சோறு இறங்காமல் போனது அதனால்தான்.

நகரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1953இல் பிறந்தவர் அவர். நாலு தலைமுறையாக அங்கே கரும்பும் நெல்லும் போட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பிழைப்புக்கு இங்கிலீஷ் டைப்ரைட்டிங். புத்தூரில் ஹையர் பாஸ் செய்து, அங்கேயே ஒரு காலேஜ் ஆபீசில் 1979இல் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார்.

1988இல் அந்த ஆபீஸின் ரெக்கார்டு ரூமில் ஒயர் பற்றிக்கொண்டது. இரண்டு பீரோ மார்க் லிஸ்ட் சாம்பலாயிற்று. மறுநாளே உத்தரவு வந்தது: சாயங்காலம் கடைசியாகப் போகிறவர் மெயினை இறக்கிவிட்டு, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோருக்கும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். நோட்டு கோவர்த்தனனிடம் வந்து தங்கிவிட்டது. ரிட்டயர் ஆகும்வரை இருபத்து மூன்று வருடம் அந்தக் கையெழுத்து அவருடையதுதான். ஆபீசில் ‘மெயின் கோவர்த்தனன்’ என்று பேர் விழுந்தது. கேலிதான், ஆனால் அவருக்குப் பிடித்த கேலி.

1997இல் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது திருப்பதிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவந்தவரும் அவரே. சொந்தக்காரர்கள் மத்தியில் அதோடு அவர் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’ ஆனார். யார் வீட்டில் எது வாங்கினாலும் அவரைக் கேட்டார்கள். அவரும் சொன்னார். தெரியாது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றபின் திருப்பதி கொர்லகுண்டாவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். மகன் யஸ்வந்த் அமெரிக்காவில் டல்லாஸில் இருந்தான். அவன் மனைவி ரூபா மாமனார் வீட்டிலேயே தங்கி, பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்துக்கொண்டிருந்தாள். தடா, சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளுக்கு விடிவதற்கு முன்னால் பஸ் ஏறிப் போகிற பெண்கள்தான் அவள் ஆராய்ச்சி. வயல் வேலையை விட்டுவிட்டு ஷிப்டு வேலைக்குப் போன நூற்று நாற்பது பேரை, ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துப் பேசவைத்து ரெக்கார்டரில் பதிய வேண்டும். 2014 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் புருஷனிடம் போவதாக ஏற்பாடு.

2013 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யஸ்வந்த் போனில் சொன்னான்: “நைனா, ரூபா லாப்டாப், உங்க கம்ப்யூட்டர், நான் உட்டுட்டு வந்த பழைய லாப்டாப், மூணுலயும் இருக்கிறது ஒரே எடத்துல காப்பி ஆகணும். நெட்வொர்க் ஸ்டோரேஜ்னு கேளுங்க. மோடத்துல ஒயரைச் சொருகிட்டா தானா எடுத்துக்கும்.”

“ஏம்பா, ஒரு பென் டிரைவ்ல போட்டு பீரோவுல வெச்சா ஆவாதா?”

“நைனா! அவ பேட்டி எல்லாம் போச்சின்னா டிகிரியே போச்சி. நீங்களே பாத்து நல்லதா வாங்குங்க. உங்களுக்குத் தெரியாததா?”

உங்களுக்குத் தெரியாததா. அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

நீளத்தாள் ஒன்றில் கட்டம் போட்டார். கடைப் பேர், எத்தனை டிஸ்க், எவ்வளவு இடம், எத்தனை வருட வாரண்டி, ரிப்பேர் என்றால் வீட்டுக்கு வருவது யார் என்று ஐந்து கட்டம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருப்பதியில் நாலு கடை ஏறி இறங்கினார். முதல் கடையில் யுஎஸ்பி டிஸ்க்கை நீட்டி “இதே போதும் அங்கிள்” என்றார்கள். அதை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் யாராவது மறக்காமல் சொருக வேண்டும், சரிப்படாது. இரண்டாவது கடையில் இன்டர்நெட்டிலேயே வைத்துவிடலாம் என்றார்கள். அவர் வீட்டு லைனின் வேகத்துக்கு மொத்தமும் ஏறி முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நாலு மாசம்” என்றார். மூன்றாவது கடையில் பெரிய நம்பர் போட்ட பெட்டி, ஆனால் ஒற்றை டிஸ்க்.

நாலாவது கடை திலக் ரோட்டில் கன்னையாவுடையது. கன்னையா அவர் ஊர்க்காரன். ஊர் என்றால் ஊருக்குத் தெற்கே இருக்கிற காலனி. கன்னையாவின் அப்பா கோவர்த்தனனின் அப்பாவுடைய நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிடுவார். பிறகு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கரில் வேர்க்கடலை போட்டு மகனைப் படிக்கவைத்தார். கன்னையா டிப்ளமோ முடித்து, சென்னையில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்து, இப்போது சொந்தக் கடையில் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். அவன் கோவர்த்தனனைக் கூப்பிடுவது ‘சார்’ என்று.

“ரெண்டு டிஸ்க் போட்டது எடுங்க சார். ரெண்டுலயும் ஒரே காப்பி இருக்கும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு நிக்கும்.”

“அப்ப ரெண்டு டிஸ்க்குக்குத் துட்டு குடுத்துட்டு, ஒரு டிஸ்க் எடந்தான் கெடைக்குமா?”

“கார்ல ஸ்டெப்னி டயர் வெச்சிக்கினு போறோமே சார், அதுக்கும் துட்டு குடுத்துதானே வாங்கறோம்?”

கோவர்த்தனன் சிரித்துவிட்டார். அந்தப் பதில் கட்டத்தில் எங்கேயும் பொருந்தவில்லை. ஆனால் ஐந்தாவது கட்டத்தை நிரப்பியது. ரிப்பேர் என்றால் இவன் வருவான்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கன்னையா பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். கோவர்த்தனன் அவனைச் சோபாவில் உட்காரச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்துத் தானே உள்ளூர மெச்சிக்கொண்டார். கன்னையா பெட்டியை மோடத்தோடு இணைத்து, மூன்று கம்ப்யூட்டரையும் அதற்கு அறிமுகம் செய்துவைத்தான்.

“இன்னிக்கி மொத்தமா ஏறும் சார். நாளையிலேர்ந்து தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு, அன்னன்னிக்கு புதுசா இருக்கிறத மட்டும் தானா இழுத்துக்கும். ரூபா மேடம், நீங்க லாப்டாப்பைச் சார்ஜ்ல போட்டு ஆன்லயே வெச்சிருங்க. பெட்டியை மட்டும் அணைக்கவே அணைக்காதீங்க. வாரத்துக்கு ஒரு வாட்டி இந்தப் பக்கத்தைத் தொறந்து, கடைசி காப்பி தேதி மட்டும் பாத்துக்குங்க சார்.” பாஸ்வேர்டு எழுதிய தாளைக் கொடுத்தான். ‘ஆஃப் செய்யக்கூடாது’ என்று ஒரு சீட்டை எழுதிப் பெட்டியின் முகத்தில் ஒட்டினான்.

கோவர்த்தனன் எல்லாவற்றையும் கேட்டார். தலையாட்டினார். ஒரு வார்த்தைகூட அவர் காதுக்குத் தப்பவில்லை. அன்று இரவு பெட்டியைத் தொடாமலும் இருந்தார்.

மறுநாள் இரவு ஒன்பது நாற்பதுக்கு வழக்கம்போலச் சுற்றுக்குக் கிளம்பினார். கேஸை மூடினார், பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார், முன்னறை சுவிட்ச் போர்டுக்கு வந்தார். டிவி, அவர் கம்ப்யூட்டர், மோடம், இப்போது பெட்டி, எல்லாம் அந்த ஒரே போர்டில். அந்த வருடம் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். வரும்போது அடித்துக்கொண்டு வரும். எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் அப்படித்தான் வெந்துபோனது. ஃபேனையும் லைட்டையும் தவிர எதையும் விட்டுவைக்க அவருக்கு மனசு வராது. தவிர, ஆபீஸ் மூடினபின் வேலை செய்கிற மிஷினை முப்பத்திரண்டு வருடத்தில் அவர் பார்த்ததில்லை. விற்கிறவன் அப்படித்தான் சொல்வான், ஃபிரிட்ஜ் விற்றவனும் சொன்னான் என்று நினைத்துக்கொண்டார். காலையில் போட்டால் பிடித்துக்கொள்ளாதா என்ன. போர்டை அணைத்தார்.

காலையில் போட்டார். பெட்டி பச்சை விளக்கைக் காட்டியது. கல்யாண போட்டோவைத் திறந்தால் திறந்தது. எல்லாம் சரி. ஒரு வாரம் கழித்து, சீட்டு முகத்துக்கு நேரே உறுத்துகிறது என்று பெட்டியைத் திருப்பிவைத்தார். சீட்டு சுவர்ப் பக்கம் போயிற்று. பாஸ்வேர்டு தாள் பீரோவுக்குப் போயிற்று.

ரூபா தினமும் ஒன்பது மணிக்கே மாடியில் லாப்டாப்பைச் சார்ஜில் போட்டு ஆனிலேயே வைத்துவிட்டுத் தூங்கினாள். மாதத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்று பேட்டி. ரெக்கார்டரில் இடம் நிறைந்துவிடும். லாப்டாப்புக்கு மாற்றிவிட்டு ரெக்கார்டரில் அழிப்பாள். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

“மாமா, பெட்டியில ஏறிடுச்சா?”

“ஏறிடிச்சிம்மா. தினம் பாத்துக்கினுதானே இருக்கேன். நீ அழிச்சிக்கோ.”

அவர் தினம் பார்த்தது பச்சை விளக்கை.

டிசம்பர் இருபதாம் தேதி காலை ரூபாவின் லாப்டாப் டொக்டொக் என்று சத்தம் போட்டது. பிறகு திறக்கவே இல்லை. டிஸ்க் போய்விட்டது. ரூபா அவ்வளவு பதறவில்லை. “அதான் பெட்டி இருக்குதே” என்று சொல்லிக்கொண்டே மாமனாரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பேட்டிகள் என்ற ஃபோல்டரில் ஒன்பது ஃபைல் இருந்தது. ஒன்பதும் பிப்ரவரி பன்னிரண்டுக்கு முன்னால் எடுத்தவை.

“மாமா, மீதி எங்க?”

கோவர்த்தனன் சுவிட்ச் போர்டைப் பார்த்தார். கன்னையாவுக்குப் போன் போட்டார். அரைமணி நேரத்தில் வந்துவிட்டான்.

கன்னையா ஒரு பக்கத்தைத் திறந்தான். பெட்டி எப்போது அணைந்தது, எப்போது எழுந்தது என்று அதுவே எழுதிவைத்திருந்த பட்டியல். அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கோவர்த்தனனும் பார்த்தார். 21.41 ஆஃப். 06.08 ஆன். 21.40 ஆஃப். 06.10 ஆன். நடுவில் கரண்ட் போன வரிகளைத் தள்ளிவிட்டால், திரை நகர நகர அதே நேரம்தான். காலேஜ் ஆபீசின் மெயின் நோட்டைத்தான் யாரோ விரித்துவைத்ததுபோல இருந்தது. அவர் கையெழுத்து மட்டும்தான் இல்லை.

கன்னையாவின் கை நின்றது. திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தை மூடினான்.

“பெட்டியில ஃபால்ட் மேடம்,” என்றான் ரூபாவிடம். “நான் செட்டிங் சரியா வெக்கல போலகீது. தப்பு என்னுதுதான். லாப்டாப் டிஸ்க்கை மெட்ராஸுக்கு அனுப்பிப் பாக்கறேன், என் செலவு.”

கோவர்த்தனன் வாயைத் திறந்தார். “சரி, பாருப்பா” என்று சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

ரூபா அழவில்லை. “உங்கள நம்பித்தானேங்க ரெக்கார்டரையும் அழிச்சேன். நூத்தி முப்பத்தியொரு பேரு. எத்தனை பேர் வேலைய உட்டுட்டு எங்க போனாங்களோ, எங்க போய்த் தேடுவேன்?” என்று கன்னையாவைக் கேட்டாள். அவன் நின்றபடி கேட்டுக்கொண்டான். உட்காரச் சொல்ல அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அவன் போனபிறகு கோவர்த்தனனின் மனைவி செங்கம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். “இன்னாங்க, அவனாண்ட வாங்காதீங்கன்னு அப்பவே சொன்னனா இல்லியா? சோபாவுல குந்தவெச்சி காப்பி குடுத்தீங்க. காலனிக்காரன், அவனுக்கு இன்னா தெரியும், நாலு ஒயரைச் சொருகத் தெரிஞ்சா…”

அந்த வாக்கியத்தை நடுவிலேயே நிறுத்தியிருக்கலாம். ‘தப்பு என்னுது’ என்று இரண்டே வார்த்தை போதும். கோவர்த்தனன் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மெட்ராஸிலிருந்து பத்து நாளில் டிஸ்க் திரும்பிவந்தது. ஒன்றும் எடுக்க முடியவில்லை. யஸ்வந்துக்குக் கோபம் தலைக்கேறியது. காலேஜில் தன்னோடு படித்தவர்களின் ஃபேஸ்புக் குழுவில் கன்னையாவின் கடைப் பேரைப் போட்டு, ஏமாற்றுக்காரன், யாரும் அங்கே வாங்காதீர்கள் என்று எழுதினான். நாற்பது பேர் அதைப் பகிர்ந்தார்கள்.

ஜனவரி மூன்றாம் வாரம் புத்தூர் காலேஜிலிருந்து திருவேங்கடம் போன் செய்தார். கோவர்த்தனனோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர், இப்போது அங்கே சூப்பரின்டெண்டென்ட்.

“என்ன மெயினு, பாகுன்னாவா, நல்லா இருக்கியா? ஒரு விஷயம். ஆபீஸ் ரெக்கார்டெல்லாம் காப்பி பண்ண உங்க வீட்ல இருக்கிற மாதிரியே பெட்டி, பெருசா ஒண்ணு வாங்கறோம். கன்னையா கொட்டேஷன்தான் சரியா இருக்குது. ஆனா உம் பையன் எழுதினத பிரின்சிபால் பாத்துட்டாரு. உங்க ஊர்க்காரன், உங்க வீட்லயே பெட்டி இருக்குது. குடுக்கலாமா வேணாமா, நீ ஒரு மாட்ட, ஒரே வார்த்தை சொல்லு.”

“ரெண்டு நாள் குடு. பாத்து சொல்றேன்.”

பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. முதல் நாள் முழுக்க அவர் மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். அன்று இரவும் ஒன்பது நாற்பதுக்குக் கால்கள் தானாகப் போர்டுக்குப் போயின. கை மட்டும் சுவிட்சில் படாமல் நின்றது. இரண்டாம் நாள் காலை திலக் ரோட்டுக்குப் போனார். கன்னையா கடையில் தனியாக இருந்தான்.

“கன்னையா, அன்னிக்கி அந்தப் பக்கத்தைப் பாத்ததானே?”

“பாத்தேன் சார்.”

“அப்புறம் ஏம்பா தப்பு உன்னுதுன்னு சொன்ன?”

கன்னையா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். “உங்க மருமக முன்னாடி உங்கள எப்படி சார் காட்டிக் குடுக்கறது? வாய்ல வந்திடிச்சி. வூட்டுக்குப் போய்ச் சொன்னா என் பொண்டாட்டி சுந்தரி, ‘நீயும் உங்க நைனா மாதிரியே கைகட்டினியா’ன்னு கேக்கறா. ரெண்டு நாள் பேசல.” ஸ்க்ரூடிரைவரை மறுபடி கையில் எடுத்தான். “பழக்கம் சார். உங்களுக்கு மெயினை அணைக்கிற பழக்கம். எங்களுக்கு இது.”

கோவர்த்தனன் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நாலு கடை ஏறி இறங்கிய தாள் ஞாபகம் வந்தது. ஐந்து கட்டம் போட்டாரே, ராத்திரியில் பெட்டியை அணைக்காமல் விட்டுவைக்கிற ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று ஒரு கட்டம் போடவில்லை.

“புத்தூர் காலேஜுக்குக் கொட்டேஷன் குடுத்தேன், உங்களாண்ட ஏதாச்சும் கேட்டாங்களா சார்?” என்று கன்னையா கேட்டான்.

“இன்னிக்கி உனக்குப் பதில் வரும்,” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ரூபா கூடத்தில் தரையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பேட்டி கொடுத்த பெண்களின் பேர், ஊர், போன் நம்பர் எழுதிய பட்டியல் காகிதத்தில் இருந்ததால் தப்பியிருந்தது. செங்கம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோவர்த்தனன் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

“ரூபா, பெட்டியில ஒரு ஃபால்ட்டும் இல்ல. தெனம் ராத்திரி நான்தான் அணைச்சேன். கன்னையா அணைக்காதீங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னான். எழுதி ஒட்டினான். நான் திருப்பி வெச்சிட்டேன். அவன் எனக்காகப் பழிய ஏத்துக்கினான். நான் பாத்துக்கினு நின்னேன். இப்ப அவனுக்கு ஆர்டர் குடுக்கலாமான்னு என் பழைய காலேஜ்லேர்ந்து திருவேங்கடம் என்னைக் கேக்கறாரு.”

செங்கம்மாவின் கையில் கீரை அப்படியே நின்றது. ரூபா நிமிர்ந்து பார்த்தாள்.

“தினம் பாக்கறேன்னு சொன்னீங்களே, மாமா.”

“லைட்டைப் பாத்தேம்மா.”

“லைட்டையா?”

“அந்தப் பக்கத்தைத் தொறக்கவே இல்ல. தொறந்தா புரியாதோன்னு பயம். புரியலன்னு உன்னாண்ட சொல்ல வெக்கம்.”

ரூபா தரையில் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பிறகு அவள் தன் செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். “அந்தக் காலேஜ் சாருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அத்தையும் கேக்கட்டும்.”

போட்டார். சொன்னார். ஆரம்பத்திலிருந்து, ஒன்பது நாற்பது உட்பட எதையும் விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் திருவேங்கடத்தின் சிரிப்பு வெடித்தது. “ஒரேய், கேளுங்கடா! மெயின் கோவர்த்தனன் அமெரிக்காக்காரன் பெட்டியையும் தெனம் இறக்கி வெச்சிருக்கான்!” அவருக்குப் பின்னால் ஆபீசே சிரித்தது. இருபத்து மூன்று வருடம் அவருக்குப் பிடித்திருந்த பேர் கூடத்தின் நடுவில், மருமகள் எதிரில், ஸ்பீக்கரில் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப கன்னையாவுக்கு ஆர்டர் குடுக்கலாம்ங்கற?”

“குடு. பெட்டியை மட்டும் யார் கையும் எட்டாத எடத்துல வெக்கச் சொல்லு.”

செங்கம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கன்னையாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு என்றில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் யஸ்வந்துக்கு ரூபாவே எழுதினாள். ஃபேஸ்புக்கில் போட்டதை அவன் எடுத்துவிட்டான். ஆனால் பகிர்ந்த நாற்பது பேரில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கோவர்த்தனன் அவர்களில் தெரிந்தவர்களின் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து, அதே கதையை அதே ஒன்பது நாற்பதோடு சொன்னார். ஒவ்வொரு முறையும் சிரிப்புச் சத்தம் கேட்டபிறகுதான் வைத்தார்.

பட்டியலில் இருந்த நூற்று முப்பத்தியொரு நம்பரில் அறுபத்து மூன்று மட்டும் இன்னும் வேலை செய்தன. அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்து மணி பஸ்ஸில் ரூபா புது ரெக்கார்டரோடு சத்தியவேட்டுக்குக் கிளம்பினாள். ஏப்ரலில் அவள் அமெரிக்கா போகவில்லை.